22 சுருதிப் பட்டியலை அணியாக எழுதினால் 11 இரண்டு முறை வருகிறது: பிழை எங்கே?

சத்துவாச்சாரி22:

வணக்கம். வேலூர்க் கூத்துக் குழு ஒன்றின் ஆர்மோனியத்துக்குச் சுருதி அட்டவணை தயாரிக்க எக்செலில் ஒரு தாள் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு சுர விகிதத்தையும் 2, 3, 5 என்ற பகா எண்களின் அடுக்குகளாக உடைத்து வெக்டர் ஆக்கியிருக்கிறேன். பஞ்சமம் 3/2 என்றால் [-1 1 0]. அந்தர காந்தாரம் 5/4 என்றால் [-2 0 1]. பிரமாண சுருதி 81/80 என்றால் [-4 4 -1]. விகிதங்களைப் பெருக்க வேண்டிய இடத்தில் வெக்டர்களைக் கூட்டினால் போதும் என்பதால் வேலை சுலபமாகிறது.

இந்த வெக்டர்களை <22 35 51> என்ற நிரையால் பெருக்கினால், அந்தச் சுரம் எத்தனையாவது சுருதி என்று வர வேண்டும். பெரும்பாலும் சரியாக வருகிறது: 256/243க்கு 1, 16/15க்கு 2, 10/9க்கு 3, 9/8க்கு 4. ஆனால் பிரதி மத்யமத்தில் 45/32க்கும் 11, 64/45க்கும் 11. 12 எங்குமே இல்லை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஒரு ஸ்தாயியின் 1200 சென்ட்டை (சென்ட் என்பது சுர உயரத்தை அளக்கும் சிறு அளவு) 22ஆல் வகுத்தால் 54.55. பட்டியலில் அடுத்தடுத்த சுருதிகளின் இடைவெளியோ 90, 22, 71 என்று குதிக்கிறது. இரண்டில் எதை நம்பி ரீட்டில், அதாவது ஒலி தரும் பித்தளை நாக்கில், கை வைப்பது?

அணிக்கோவை:

பட்டியலில்தான் பிழை. 64/45ஐ எடுத்துவிட்டு 729/512ஐப் போடுங்கள். அதன் வெக்டர் [-9 6 0]; 22ஆல் எண்ணினால், அதாவது உங்கள் நிரையால் பெருக்கினால், -198 + 210 = 12. இப்போது சட்ஜம் 0இல் தொடங்கி 243/128க்கு 21 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வரும். புழக்கத்தில் இரண்டு விதப் பட்டியலும் இருக்கின்றன. இரண்டும் கலந்து போவதற்குக் காரணம், 64/45 என்பது 609.78 சென்ட், 729/512 என்பது 611.73 சென்ட். வித்தியாசம் 1.95 சென்ட்தான். பாடுகிறவர் காதுக்கு அது ஒரே சுரம். வெக்டராக எழுதும்போதோ அந்த வித்தியாசம் [-15 8 1]. 22ஆல் எண்ணினால் அது ஒரு முழுப் படி. சென்ட்டில் பக்கத்தில் இருப்பது அணியிலும் பக்கத்தில் இருக்கும் என்று எண்ணக் கூடாது. பட்டியலைச் சரிபார்க்கும்போது சென்ட் நெடுவரிசையை மட்டும் பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

45/32க்கும் 64/45க்கும் ஒரே எண் வந்ததன் காரணமும் கணக்கிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் 2048/2025, வெக்டர் [11 -4 -2]. 22ஆல் எண்ணினால் 242 - 140 - 102 = 0. அந்த நிரையின் உட்கருவில், அதாவது சுழியாகிப் போகும் வெக்டர்களின் கூட்டத்தில், அது உட்கார்ந்திருக்கிறது. எந்த இரண்டு சுரங்களின் வித்தியாசம் உட்கருவில் விழுகிறதோ அந்த இரண்டும் ஒரே கட்டையில் விழும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. இங்கே இரண்டு வேறு நிரைகள் இருக்கின்றன, அவற்றை ஒன்றாக நினைத்தால் குழப்பம் தீராது. <22 35 51> என்பது எண்ணும் நிரை. அது "எத்தனையாவது" என்று மட்டுமே சொல்லும். <1200 1901.955 2786.314> என்பது அளக்கும் நிரை; 2, 3, 5 ஆகியவற்றின் இரண்டடிமான மடக்கையை 1200ஆல் பெருக்கியது. அதுதான் "எவ்வளவு உயரம்" என்று சொல்லும். எண்ணும் நிரையை எடுத்து 54.55ஆல் பெருக்கி அளக்கும் நிரையாக மாற்றிக்கொண்டீர்கள். ஒரு தெருவில் 22 வீடுகள் என்றால் கதவு எண் 1 முதல் 22 வரை இருக்கும். அதற்காக எல்லா வீட்டுக்கும் ஒரே முகப்பு அகலம் என்று ஆகிவிடாது.

சுருதியின் அகலம் மூன்று வகை. பூரண சுருதி 256/243 = [8 -5 0], 90.22 சென்ட். நியூன சுருதி 25/24 = [-3 -1 2], 70.67 சென்ட். பிரமாண சுருதி 81/80 = [-4 4 -1], 21.51 சென்ட். உங்கள் நிரையால் மூன்றையும் எண்ணிப் பாருங்கள்: 176 - 175 = 1; -66 - 35 + 102 = 1; -88 + 140 - 51 = 1. மூன்றுமே ஒரு படி. அதனால்தான் எண்ணிக்கை சரியாக வருகிறது, அகலம் மட்டும் குதிக்கிறது.

இனி இந்த மூன்று வெக்டர்களையும் மூன்று நிரைகளாக அடுக்கி அணிக்கோவை மதிப்பு (டிடெர்மினன்ட்) எடுங்கள். -1 வரும். +1 அல்லது -1 வந்தால் நேர்மாறு அணியில் எல்லாம் முழு எண்களாகவே இருக்கும்; 2, 3, 5 மூன்றையும் கொண்டு எழுதக்கூடிய எந்த விகிதத்தையும் இந்த மூன்று சுருதிகளால், மிச்சம் இல்லாமல், எழுதிவிடலாம். நேர்மாறு எடுத்தால் கிடைப்பவை:

பூரணம் எண்ணும் நிரை <7 11 16>
நியூனம் எண்ணும் நிரை <5 8 12>
பிரமாணம் எண்ணும் நிரை <10 16 23>

முதல் நிரலைப் பாருங்கள். ஒரு ஸ்தாயி = 7 பூரணம் + 5 நியூனம் + 10 பிரமாணம். மொத்தம் 22. மூன்று நிரைகளையும் கூட்டினால் அப்படியே <22 35 51>. அதுவே, முதல் இரண்டை மட்டும் கூட்டினால் <12 19 28>, அதாவது 12 ஸ்வரஸ்தானம். பிரமாண சுருதியைப் பூச்சியமாக்கி, பூரணத்தையும் நியூனத்தையும் ஒரே அகலம் ஆக்கினால் கிடைப்பதே ஆர்மோனியக் கட்டை.

9/8ஐ இந்த மூன்றாலும் எண்ணினால் 1, 1, 2: மொத்தம் 4. 10/9க்கு 1, 1, 1: மொத்தம் 3. 16/15க்கு 1, 0, 1: மொத்தம் 2. பழந்தமிழ் இசையில் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று அலகு சொல்வார்களே, அந்த 4, 3, 2 இதுதான். 9/8 மூன்று, 10/9 இரண்டு, 16/15 இரண்டு. ஏழையும் பெருக்கினால் சரியாக 2 வருகிறது. அலகுக் கணக்கு எண்ணும் நிரையைச் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு "எல்லா அலகும் சமம்" என்று வாதிடுவதும், "அலகுக் கணக்கே தப்பு" என்று ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரண்டு முனைகள்.

எக்செலில் இரண்டு இடத்தில் கவனம். 9/8 என்று நேராக அடித்தால் அது தேதி ஆகிவிடும். தொகுதிக்கும் பகுதிக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். எம்இன்வர்ஸ் போட்டு நேர்மாறு எடுத்தால் 7க்குப் பதில் 6.9999999 போல ஒன்று வரலாம். ரவுண்ட் போட்டு முழு எண்ணாக்கிய பிறகே அடுத்த பெருக்கலுக்குக் கொண்டு போங்கள்.

கூத்துப்பெட்டி:

கணக்கு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கூத்துக்குப் போற பெட்டிக்கு இந்த 22ஐ வெச்சுச் சுருதி பண்ணப் போறீங்கன்னா கொஞ்சம் நில்லுங்க தம்பி.

1 கட்டையில சட்ஜம் வெச்சு சுத்தமா விகிதப்படி பண்ணினா, இப்ப இருக்கற சமப் பிரிவிலேர்ந்து (ஸ்தாயியைப் பன்னெண்டு சமப் படியாப் பிரிச்சது) ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு நகரணும்னு முதல்ல பாருங்க. சதுச்ருதி ரிஷபம் 9/8க்கு 3.9 சென்ட் ஏத்தணும். அந்தர காந்தாரம் 5/4க்கு 13.7 இறக்கணும். சுத்த மத்யமம் 2 இறக்கம், பஞ்சமம் 2 ஏத்தம். சதுச்ருதி தைவதம் 5/3க்கு 15.6 இறக்கம், காகலி நிஷாதம் 15/8க்கு 11.7 இறக்கம். சுத்த ரிஷபம் 16/15க்கு 11.7 ஏத்தம், சாதாரண காந்தாரம் 6/5க்கு 15.6 ஏத்தம், சுத்த தைவதம் 8/5க்கு 13.7 ஏத்தம்.

மீட்டர் இல்லாம அதிர்வுத் துடிப்பை, அதாவது ரெண்டு சுரம் சரியா ஒட்டாதப்ப சத்தம் ஏறி இறங்கறத, எண்ணியும் பண்ணலாம். 1 கட்டை சட்ஜம் 261.63 ஹெர்ட்ஸ்னு வெச்சா, சமப் பிரிவுல காந்தாரம் 329.63. சட்ஜத்தோட 5ஆவது மேற்சுரம் 1308.1, காந்தாரத்தோட 4ஆவது 1318.5. ரெண்டையும் சேர்த்து அமுக்கினா நொடிக்குப் பத்துத் துடிப்பு. காந்தாரத்த 327.03க்கு இறக்கினா துடிப்பு நின்னுடும். பஞ்சமத்துல அப்படி இல்ல, சமப் பிரிவிலேயே பத்து நொடிக்கு ஒன்பது துடிப்புதான். அத விட்டாக்கூட யாருக்கும் தெரியாது.

ரீட் நுனியைச் சுரண்டினா சுருதி ஏறும், ரிவிட் பக்கம் அடியைச் சுரண்டினா இறங்கும். எடுத்த பித்தளைய திரும்ப ஒட்ட முடியாது, அதனால ரெண்டு இழுப்பு, ஒரு அளவு. சுரண்டின உடனே அளக்காதீங்க, சூடு ஆறட்டும். ரீட்டைப் பெட்டியில திருகி உக்கார வெச்சுத் துருத்திக் காத்துல அளந்ததுதான் கணக்கு. வெளியில ஊதிப் பாத்த அளவு பெட்டிக்குள்ள மாறிடும். இரட்டை ரீட் பெட்டின்னா ஒரு வரிசைய மூடிட்டு மத்ததப் பண்ணி, அப்புறம் ரெண்டையும் திறந்து துடிப்பு இல்லாம ஒட்டணும்.

இப்ப சிக்கல் எங்கன்னா, செய்யாறு, ஆரணிப் பக்கம் விடிய விடிய நடக்கற பாரதக் கூத்துல ஒரே கட்டையில ராத்திரி பூரா போகாது. வேஷக்காரர் குரலுக்குத் தகுந்தாப்பல கட்டை மாறும். 1 கட்டைக்குச் சுத்தமா பண்ணின பெட்டிய 2 கட்டையில வாசிச்சா, புது சட்ஜம் 9/8, புது பஞ்சமம் 5/3. நடுவுல இருக்கறது 40/27, அதாவது 680.4 சென்ட். பஞ்சமம் 21.5 சென்ட் குறையுது. அணிக்கோவை அண்ணன் சொன்ன எண்ணும் நிரையால பாத்தா 13 வர வேண்டிய இடத்துல 12, சரியா ஒரு பிரமாண சுருதி காணாமப் போயிருக்கும். தைவதத்த 27/16ஆ வெச்சா அந்தப் பஞ்சமம் சரியாகும், ஆனா மத்யமத்திலேர்ந்து தைவதம் 81/64 ஆயிடும், காந்தாரம் கரடுமுரடாக் கேக்கும். அந்த ஒரு சுருதிய எங்க தள்ளினாலும் வேற ஒரு இடத்துல வந்து நிக்கும்.

என் முடிவு இதுதான்: ஒரே கட்டையில பாடற பஜனைப் பெட்டிக்கு விகிதப்படி பண்ணுங்க. கூத்துப் பெட்டிய சமப் பிரிவுல விட்டுடுங்க. இன்னொண்ணு, கூட முகவீணை இருந்தா அதோட சுருதி காத்தோட சூட்டைப் பொறுத்தது. குழலுக்குள்ள காத்து ஒரு டிகிரி குளிர்ந்தா சுமார் 3 சென்ட் இறங்கும். நம்ம ஊர் வெயில்ல சாயந்திரம் சேர்த்த சுருதி விடியக்காலம் குளிர்ல அப்படியே நிக்காது. ஊதற மூச்சோட சூடு குழலுக்குள்ள இருக்கறதால வெளியில குறைஞ்ச அளவுக்கு முழுசா இறங்காது, ஆனா பெட்டி நகராம நிக்கறப்ப அது நகரும். அங்க 2 சென்ட் சுத்தம் பாத்து ரீட்டைச் சுரண்டறதுல பிரயோசனம் இல்ல.

சத்துவாச்சாரி22:

ரொம்ப நன்றி. 729/512 போட்டதும் 0 முதல் 21 வரை சரியாக வந்துவிட்டது. கூத்துப்பெட்டி அண்ணா, பெட்டியைத் தொடவில்லை, பஜனைக்குத் தனிப் பெட்டியில்தான் செய்யப் போகிறேன்.

இன்னும் மூன்று. பூரணம், நியூனம், பிரமாணம் மூன்றுக்குப் பதில் 2, 9/8, 5/4 மூன்றையும் அடிப்படையாக வைத்துப் பார்த்தேன். பஞ்சமத்துக்கு ½ என்று பின்னம் வருகிறது. ஏன்? ஆபிரகாம் பண்டிதர் 24 சமச் சுருதி என்றாரே, அது இந்த அணியில் எங்கே வரும்? 19, 31, 53 என்று சமப் பிரிவுகள் சொல்கிறார்களே, அவற்றை எப்படி ஒப்பிடுவது?

பாலாற்றங்கரை:

½ வந்ததற்குக் காரணம் அணிக்கோவை மதிப்பு. [1 0 0], [-3 2 0], [-2 0 1] மூன்றையும் அடுக்கினால் 2 வரும். இதில் 3இன் அடுக்கு 9/8இல் மட்டுமே இருக்கிறது, அதுவும் இரட்டையாக. எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் ஒற்றை 3 கிடைக்காது. இந்த மூன்றைக் கொண்டு பின்னம் இல்லாமல் எட்டக்கூடியது மொத்த விகிதங்களில் பாதிதான். எந்த அடிப்படையை எடுத்தாலும் முதலில் இந்த மதிப்பைப் பாருங்கள். 9/8, 10/9, 16/15 மூன்றையும் எடுத்தால் +1 வரும். 4, 3, 2 அலகில் சிந்திக்கிறவர்களுக்கு அது இன்னும் வசதி.

24க்கு வருவோம். 3, 5 ஆகியவற்றின் இரண்டடிமான மடக்கையை 24ஆல் பெருக்கி முழு எண்ணாக்க வேண்டும்: 24 × 1.58496 = 38.04, எனவே 38. 24 × 2.32193 = 55.73, எனவே 56. நிரை <24 38 56>. மூன்று எண்களுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 2. இது <12 19 28>ஐ இரண்டால் பெருக்கியதேயன்றி வேறில்லை. பூரணம் 2 படி, நியூனம் 2 படி, பிரமாணம் 0. 2, 3, 5 மட்டும் கொண்ட எந்த விகிதமும் ஒற்றைப்படைப் படியில் போய் விழாது. 24இல் 12 படிகள் சும்மா கிடக்கும். 56க்குப் பதில் 55 போட்டால் பொதுக் காரணி போய்விடும், பிரமாணமும் 1 ஆகும். ஆனால் நியூனம் 0 ஆகிவிடும், அந்தர காந்தாரமும் 36 சென்ட் கீழே போய் 350இல் நிற்கும். 24 பிரிவைப் பற்றி வாதிட வேண்டுமென்றால் இந்த மூன்று பகா எண்களுக்கு வெளியே உள்ள விகிதங்களைக் கொண்டுதான் வாதிட வேண்டும். இந்த அணிக்குள் அது 12ஏதான்.

சமப் பிரிவுகளை ஒப்பிட, நிரையைப் பார்ப்பதைவிட ஒவ்வொரு பிரிவும் பூரணம், நியூனம், பிரமாணத்துக்கு எத்தனை படி கொடுக்கிறது என்று பாருங்கள். 7, 5, 10ஆல் பெருக்கிக் கூட்டினால் பிரிவின் எண்ணிக்கை வந்துவிடும்.

12: (1, 1, 0). பஞ்சமம் 700.00, அந்தர காந்தாரம் 400.00.
19: (2, 1, 0). 694.74, 378.95.
31: (3, 2, 0). 696.77, 387.10.
22: (1, 1, 1). 709.09, 381.82.
34: (2, 2, 1). 705.88, 388.24.
41: (3, 2, 1). 702.44, 380.49.
53: (4, 3, 1). 701.89, 384.91.

உண்மை அளவு 701.96, 386.31. மூன்றாவது எண் 0 என்றால் பிரமாண சுருதி அழிந்துவிட்டது, 9/8உம் 10/9உம் ஒன்றாகிவிட்டன. ஐரோப்பாவில் பழைய ஆர்கன்களில் இருந்த மீன்டோன் இந்தக் குடும்பம். 5ஐத் துல்லியமாக வைத்து 2786.314ஐ 4ஆல் வகுத்தால் 696.58 சென்ட் பஞ்சமம். முதல் இரண்டு எண்களும் சமம் என்றால் 45/32உம் 64/45உம் ஒன்று; உங்கள் தாளில் 11 இரட்டித்தது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது குடும்பம். முதல் எண் = இரண்டாவது + மூன்றாவது. 90.22 ≈ 70.67 + 21.51, பிழை 1.95 சென்ட் மட்டுமே. மேலே சொன்ன [-15 8 1] இதே வித்தியாசம். இதை ஏற்கும் 12, 41, 53 மூன்றிலும் பஞ்சமம் இரண்டு சென்ட்டுக்குள் நிற்கிறது. 22இல் 1 = 1 + 1 என்று ஆகிறது, அது பொருந்தாது; பஞ்சமம் 7 சென்ட் ஏறிப்போக அதுதான் காரணம். எண்ணுவதற்கு 22ஐயும் ஒலிக்க வைப்பதற்கு 53ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணு சுருதிப்பெட்டி அல்லது கீபோர்டு என்றால் 53இன் ஒரு படி 22.64 சென்ட், அதையே பிரமாண சுருதியாக வைத்து நியூனத்துக்கு 3, பூரணத்துக்கு 4 படி கொடுத்தால் 22 சுரங்களும் விகித அளவிலிருந்து 2.8 சென்ட்டுக்குள் நிற்கும்.

ஸ்தாயியையும் சற்றே நகர்த்தி மொத்தப் பிழையைக் குறைக்க மீச்சிறு வர்க்க முறை உண்டு. நிரையின் ஒவ்வோர் எண்ணையும் அந்தந்தப் பகா எண்ணின் இரண்டடிமான மடக்கையால் வகுங்கள். 12க்கு 12, 11.98767, 12.05894 வரும். கூடுதல் 36.0466; வர்க்கங்களின் கூடுதல் 433.122. முதலாவதை இரண்டாவதால் வகுத்து 1200ஆல் பெருக்கினால் ஒரு படி 99.87 சென்ட், ஸ்தாயி 1198.44. காந்தாரத்தின் பிழையைக் கொஞ்சம் ஸ்தாயி வாங்கிக்கொள்கிறது. ஆனால் இதை ஆர்மோனியத்தில் செய்துவிடாதீர்கள். மேல் சட்ஜமும் கீழ்ச் சட்ஜமும் சேர்ந்து ஒலிக்கும்போது 1.56 சென்ட் குறைவு 1 கட்டையில் இரண்டு நொடிக்கு ஒரு துடிப்பாக நிற்கும். தம்புராவுக்கு முன்னால் அது பளிச்சென்று தெரியும்.

கூத்துப்பெட்டி:

பாலாற்றங்கரை சொன்ன கடைசி விஷயம் சரி. சட்ஜத்துலயும் மேல் சட்ஜத்துலயும் கை வைக்கவே வேண்டாம், ரெண்டையும் நங்கூரமா வெச்சு மத்தத நகர்த்துங்க. பஜனைப் பெட்டிக்கு வரிசை: முதல்ல பஞ்சமம், அப்புறம் மத்யமம், அப்புறம் காந்தாரம். காந்தாரம் நின்னதும் அதுலேர்ந்து பஞ்சமம் பிடிச்சா காகலி நிஷாதம் 15/8. மத்யமத்திலேர்ந்து 5/4 பிடிச்சா தைவதம் 5/3. பஞ்சமத்திலேர்ந்து இன்னொரு பஞ்சமம் போய் ஒரு ஸ்தாயி இறங்கினா ரிஷபம் 9/8. கடைசியா ரிஷபத்தையும் தைவதத்தையும் சேர்த்து அமுக்குங்க. அங்க வேகமாத் துடிச்சா பண்ணினது சரி, துடிக்கலன்னா எங்கயோ தைவதம் 27/16ஆப் போயிடுச்சு.